ஆனி, ஆடியில் சாலையோரம் பூப்பவை

கேள்வி (30 ஜூன் 2024)

சித்திரையில் சரக்கொன்றை பூத்து முடிந்தது. இனி ஐப்பசி மழை இறங்கினால்தான் சாலையோரத்தில் பூ என்று சொல்ல ஏதேனும் இருக்கும். ஆனியும் ஆடியும் வெறும் புழுதியும் காற்றும்தான். நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் நட்டு வைத்திருக்கும் அரளியைத் தவிர இந்த இரண்டு மாதங்களில் கண்ணில் படும் பூ உண்டா? களைச்செடிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

2 ஜூலை 2024

கடைசி வரியை முதலில் தள்ளிவிடுகிறேன். களையைச் சேர்க்காவிட்டால் சாலையோரக் கணக்கு எந்த மாதத்திலும் சுழியம்தான். விதைத்தது பயிர், விதைக்காமல் வந்தது களை என்ற பாகுபாடு வயலுக்குள் செல்லும். சாலையோரத்தில் யாரும் எதையும் விதைப்பதில்லை.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில், ஊதியூரை அடுத்துள்ள ஒரு நூற்பாலைக்குப் பதினேழு ஆண்டுகளாக இருசக்கர வண்டியில் போய் வருகிறேன். வேலை கணக்கு எழுதுவது. வழியில் எண்ணிக்கொண்டே போவதும் அந்தப் பழக்கத்தில் வந்ததுதான். இன்று காலை ஊதியூர் வரை பன்னிரண்டு வகைப் பூக்களை எண்ணினேன். கண்ணுக்கு முதலில் படுவது ஆவாரை. அதற்கடுத்து எருக்கு. தரையோடு தரையாக நெருஞ்சி, கொழுஞ்சி, மூக்குத்திப்பூ, சிறுபூளை, நாய்வேளை. கிளுவை வேலியின் மேல் படர்ந்த கோவையும் வேலிப்பருத்தியும். பாலத்தடியில் ஊமத்தை, குப்பை கொட்டும் இடத்தில் உண்ணிச்செடி, பள்ளத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு. பார்த்தீனியத்தையும் சேர்த்தால் பதின்மூன்று. அதைச் சேர்க்க மனம் வரவில்லை.

ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பது பழைய பகுப்பு. அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லாம் கருகிக் கிடக்கும் என்று தோன்றுகிறது. எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழை நிலத்தில் கொஞ்சம் ஈரத்தை விட்டுச் செல்கிறது. அதில் முளைத்த சிறு செடிகள் பூப்பதற்குரிய வயதை அடைவது ஆனியில்தான். அதற்குள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசத் தொடங்கிவிடும். மழை என்று சொல்லும்படி ஒன்றும் வராது. வானம் மூடி நிற்கும், இரண்டு தூறல் விழும், வெயிலின் கடுமை குறையும். நீண்ட வேர் உள்ள செடிகளுக்கு அது போதும்.

4 ஜூலை 2024

இந்தச் செடிகள் மட்டும் ஏன் இங்கே நிற்கின்றன என்ற கேள்வி இரண்டு நாட்களாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்று விடை கிடைத்தது என்று நினைக்கிறேன்: ஆடு.

எங்கள் பகுதியில் கொரங்காடு என்று ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. நான்கு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். காங்கேயம் மாடு வளர்ந்தது அந்த வேலிக்குள். வேலிக்கு உள்ளே நிலம் உள்ளவரின் மாடு மேயும். வேலிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே உள்ள ஐந்தாறு அடி அகலப் புறம்போக்கில் நிலம் இல்லாதவரின் ஆடு மேயும். அந்த ஐந்தாறு அடியில் நாள்தோறும் ஆடு நடக்கிறது. ஆகவே அங்கே பூக்கும் அளவுக்கு வளர்ந்து நிற்கும் எந்தச் செடியும் ஆடு வேண்டாம் என்று விட்ட செடியாகத்தான் இருக்க வேண்டும்.

எருக்கை ஒடித்தால் வடியும் பால் நஞ்சு. ஊமத்தையும் உண்ணியும் நஞ்சு. கொழுஞ்சியை மாடும் சீண்டாது. அதை வயலுக்குத் தழையுரமாக வெட்டிப் போடுவார்கள். ஆவாரையின் துவர்ப்பும் கசப்பும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு செடிகள் இந்தச் சான்றிதழைப் பெயரிலேயே வைத்திருக்கின்றன: ஆடாதொடை, ஆடுதீண்டாப்பாளை. பெயர் வைத்தவர் ஆட்டின் பின்னால் நடந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி கேட்டவர் விதிவிலக்கு அளித்த அரளிக்கும் இதுவே பொருந்தும். மாடு கடிக்காது, தண்ணீர் இல்லாமல் தாங்கும், அடர்ந்து வளர்ந்து எதிர்வரும் வண்டியின் விளக்கை மறைக்கும் என்பதால்தான் நடுத்திட்டுக்கு அதைத் தேர்ந்திருக்கிறார்கள். அழகு மூன்றாவதோ நான்காவதோ காரணமாக இருக்கலாம்.

5 ஜூலை 2024

மேலே எழுதியதில் பாதி தவறு.

மதியச் சாப்பாட்டின்போது ஆலையின் காவலாளியிடம் இதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவர் வீட்டில் பதினைந்து ஆடுகள் இருக்கின்றன. அவர் சிரித்துவிட்டு, மாசி, பங்குனியில் வந்து பார்க்கச் சொன்னார். புல் தீர்ந்த பிறகு ஆவாரங்காயை ஆடு உருவித் தின்னும் என்றும், கொழுந்து கிடைத்தால் அதையும் விடாது என்றும், எருக்கின் பச்சை இலையைத் தொடாத ஆடு உதிர்ந்து காய்ந்த இலையைக் கடிப்பதைத் தாமே பார்த்திருப்பதாகவும் சொன்னார்.

ஆகவே திருத்திச் சொல்கிறேன். ஆடு தொடாத செடி என்பதை விட, ஆடு கடைசியில் தொடும் செடி என்பதே சரி. கோடை மழைக்குப் பின் புல் இருக்கிறது. புல் இருக்கும் வரை ஆவாரைக்கு விடுமுறை. ஆனியில் அது நிம்மதியாகப் பூப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக வேண்டும்.

7 ஜூலை 2024, ஞாயிறு

இன்னொரு திருத்தம், இது கொஞ்சம் வெட்கக்கேடானது. பதினேழு ஆண்டுகளாக வண்டியில் இருந்தபடியே பார்த்து ஆவாரை என்று எண்ணி வந்த செடிகளில் ஒரு கூட்டம் ஆவாரையே அல்ல. இன்று விடுமுறை என்பதால் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். ஊருக்கு வெளியே நிழற்குடைக்குப் பின்னால் இடுப்பளவு நின்ற மஞ்சள் பூச்செடியின் இலையைக் கசக்கி முகர்ந்தேன். அடித்த வீச்சத்தில் ஆவாரை என்ற எண்ணம் அகன்றது. அது பொன்னாவரை. நான்கைந்து இணைச் சிற்றிலைகள், ஒவ்வொன்றும் அகன்று நுனி கூர்ந்திருந்தன. ஆவாரையின் சிற்றிலைகள் சிறியவை, நுனி மழுங்கியவை, ஓர் ஈர்க்கில் எட்டு முதல் பன்னிரண்டு இணை வரை இருக்கும்.

இலையை எண்ணப் பொறுமை இல்லாதவர்களுக்கு எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது. ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சிறு காதுமடல் போன்ற பச்சைச் செதில்கள் ஒட்டியிருக்கும். இலை முதிர்ந்த பிறகும் அவை விழுவதில்லை. தாவரவியலார் இதற்கு வைத்த பெயரின் பின்பாதியான 'ஆரிகுலேட்டா' என்பது இந்தக் காதைத்தான் குறிக்கிறது. காது இருந்தால் ஆவாரை. பொன்னாவரைக்குக் காது இல்லை, தகரைக்கும் இல்லை.

நின்றது நின்றாகிவிட்டதால் ஆவாரம்பூ ஒன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஐந்து இதழ்கள், ஒன்றுக்கொன்று அளவு சரியாக இல்லை, ஓரம் கசங்கிய துணி போலச் சுருங்கியிருக்கிறது, மஞ்சளுக்குள் ஆரஞ்சு நிற நரம்புகள் ஓடுகின்றன. பத்துக் கேசரங்களில் மேலே உள்ள மூன்று குட்டையானவை, மகரந்தம் இல்லாதவை. கீழே உள்ளவை பெரியவை, வாழைப்பழம் போல வளைந்தவை. அவற்றின் பை பிளந்து மகரந்தம் கொட்டுவதில்லை. நுனியில் மட்டும் துளை இருக்கிறது. இந்தப் பூவில் தேனும் இல்லை. ஒரு கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்தது. பறக்கும்போது எழுப்பும் ஒலியை விட உயர்ந்த சுருதியில் ஒரு நொடி ரீங்கரித்தது. அந்த அதிர்வில் உப்புக்குடுவையிலிருந்து உப்பு விழுவது போலத் துளை வழியே மகரந்தம் அதன் வயிற்றில் விழுந்தது. மறு நொடி அடுத்த பூ. சாலையில் லாரி போகாத இடைவெளிகளில் மட்டும் அந்த ஒலி கேட்டது.

8 ஜூலை 2024

ஆவாரை தனக்குத் தெரிந்த செடி என்று சொல்பவர் ஒவ்வொருவரும் காதைப் பார்த்தார்களா என்று இனிக் கேட்கப் போகிறேன். என் மனைவியிடம் கேட்டேன். "அதுதான் பள்ளிக்கூடத்தில் இருந்தே தெரியுமே" என்றார்.

10 ஜூலை 2024

துத்தி இந்த ஆண்டு பூக்கவில்லை என்று இன்று காலை வரை நம்பிக்கொண்டிருந்தேன். பட்டுப் போன்ற இதய வடிவ இலைகளுடன் செடி வழியெங்கும் நிற்கிறது, சக்கரம் போன்ற காயும் தொங்குகிறது, பூ மட்டும் கண்ணில் படுவதில்லை. பூக்காமல் காய்க்கும் செடியா என்று எழுதவும் இருந்தேன். நல்லவேளையாக இன்று வேலை சீக்கிரம் முடிந்து மாலை ஐந்து மணிக்குத் திரும்பினேன். அதே துத்திகளில், அதே இடங்களில், அகல் விளக்கு அளவில் மஞ்சள் பூக்கள் விரிந்திருந்தன. துத்தி பிற்பகலுக்குப் பின் மலர்வது. காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புபவனுக்கு அது பூக்காத செடிதான்.

விஷ்ணுகிராந்தி இதற்கு நேர்மாறு. சட்டைப் பொத்தானை விடச் சிறிய நீலப் பூ. காலையில் விரிந்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். நெருஞ்சியும் காலைப் பூதான். ஆக, காலையில் போகிறவருக்கு ஒரு சாலை, மாலையில் வருகிறவருக்கு வேறொரு சாலை. ஜூலை 2-ஆம் நாள் நான் எழுதிய பன்னிரண்டு என்பது காலை எட்டு மணிக்கணக்கு என்று திருத்தி வாசிக்கவும். நெருஞ்சிப் பூவைப் பற்றி ஒரு வார்த்தை: இந்த மாதப் பூ அடுத்த மாதம் வண்டிச் சக்கரத்தில் ஏறும் முள். பூவாக இருக்கும்போது நான் அதை மன்னித்துவிடுகிறேன்.

13 ஜூலை 2024

'இவற்றில் பாதி வெளிநாட்டுச் செடிகள். அவற்றை நம் பூ என்று கொண்டாடுவது ஏன்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓரளவு உண்மைதான். பட்டியலை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். உண்ணி, பார்த்தீனியம், மூக்குத்திப்பூ, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. கோடையின் தொடக்கத்தில் இதே சாலையில் மஞ்சளாகப் பூத்து இப்போது காய்ந்து நிற்கும் முள்செடியான பிரமதண்டின் சொந்த ஊர் மெக்சிகோ. அதற்குப் பிரமனின் தண்டு என்று பெயர் வைத்த பெரியவருக்கு அது கப்பலேறி வந்த செடி என்று தெரிந்திருக்காது. கடுகு போலவே இருக்கும் அதன் விதை கடுகெண்ணெயில் கலந்ததால் 1998-இல் தில்லியில் பலர் வீக்க நோய் கண்டு இறந்தார்கள்.

மூக்குத்திப்பூவை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஒரு சாண் நீளக் காம்பின் நுனியில் மஞ்சள் பொட்டு, அதைச் சுற்றி ஐந்தாறு வெளிர் இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பற்கள். காம்பை விரலில் சுற்றி, தாத்தாவின் தலையை வாங்குவதாகச் சொல்லிப் பூவைச் சுண்டிவிடும் விளையாட்டை ஆடாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. சில ஊர்களில் அதற்குத் தாத்தாப்பூ என்றே பெயர். காலில் காயம் பட்டால் இலையைக் கசக்கிப் பிழிவோம். அதனால் வெட்டுக்காயப்பூண்டு என்றும் பெயர். மூன்று பெயர்களையும் ஒரு விளையாட்டையும் ஒரு மருத்துவத்தையும் பெற்ற பிறகு அதன் கடவுச்சீட்டைக் கேட்பது சரியாகப் படவில்லை.

பார்த்தீனியத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. 1950-களில் பூனாவில் கண்டறியப்பட்டு நாடு முழுவதும் பரவிய செடிக்கு இன்று வரை தமிழில் ஒரு செல்லப் பெயர் கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984-இல் பெங்களூரில் திறந்துவிட்டார்கள். மழைக்காலத்தில் அந்த வண்டுகள் சில இலைகளைச் சல்லடையாக்குவதை நானும் பார்க்கிறேன். செடிதான் குறைந்த பாடில்லை.

14 ஜூலை 2024

நேற்றைய குறிப்பில் செய்த அநியாயம்: உண்ணியின் கறுத்த பழத்தை நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தின்றிருக்கிறோம். அதற்கும் கடவுச்சீட்டு கொடுத்திருக்க வேண்டும். ஆனால் காட்டுக்குள் அது செய்யும் கேட்டை நினைத்தால் கை நின்றுவிடுகிறது. (பச்சைக்காய் நஞ்சு, நாங்கள் செய்ததை யாரும் செய்ய வேண்டாம்.)

18 ஜூலை 2024

ஆடி பிறந்து இரண்டு நாள். காற்று இப்படி அடித்தால் பூவை எண்ண முடியாது. வண்டியை நேராக ஓட்டுவதே வேலையாகிவிடுகிறது. தொலைவில் காற்றாலைகள் மட்டும் மகிழ்ச்சியாகச் சுற்றுகின்றன. எருக்கு அசையவில்லை.

21 ஜூலை 2024, ஞாயிறு

ஆவாரையைப் பற்றி எழுதும்போது தாத்தாவைப் பற்றி எழுதாமல் விட்டது உறுத்துகிறது. அம்மாவின் அப்பா ஆவாரம்பட்டை உரித்து விற்றவர். மழை முடிந்து செடி தழைத்திருக்கும்போது கிளையை வெட்டி, ஓர் உருளைக் கல்லால் மெல்லத் தட்டினால் பட்டை கழன்று வரும். அதை நிழலில் உலர்த்திக் கட்டாக்கி, சந்தைக்கு வரும் தரகரிடம் எடை போடுவார். அது தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் போகும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சேர்த்துப் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல், வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேறிப் போனது. பிறகு நீலகிரியிலும் பழனி மலையிலும் வளர்த்த வாட்டில் மரத்தின் பட்டை வந்தது. அதற்குப் பிறகு குரோமிய உப்பு வந்தது. தாத்தாவின் தொழில் அவர் இறப்பதற்கு முன்பே இறந்துவிட்டது.

என்னுடைய சிறு வயதில் ஆவாரை சாலையோரச் செடி அல்ல என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஊருக்குக் கிழக்கே இருந்த மேட்டாங்காடு முழுவதும் அதுதான். பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் பறிக்க அங்கேதான் போவோம். பொங்கல் கழிந்து பெண்பிள்ளைகள் கூட்டமாகப் பூப்பறிக்கப் போவதும் அங்கேதான். இன்று அந்தக் காட்டில் வண்ணக் கற்கள் ஊன்றிய மனைகள் இருக்கின்றன. வயல் வரப்புகளில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். மிச்சம் இருப்பது தார்ச்சாலையின் ஓரம். நான் முதலில் எழுதியது போல ஆவாரை சாலையோரத்தைத் தேர்ந்து நிற்கவில்லை. மற்ற இடங்கள் போன பிறகு எஞ்சிய இடத்தில் நிற்கிறது. ஆட்டுக் கணக்கு இதை விளக்கவில்லை. பத்திரப்பதிவுக் கணக்குதான் விளக்கும்.

22 ஜூலை 2024

ஐதராபாத்தில் இருக்கும் மகள் மேலே உள்ளதைப் படித்துவிட்டு எழுதினாள். தெலங்கானாவின் மாநிலப் பூ ஆவாரைதான். அங்கே தங்கேடு என்கிறார்கள். பதுக்கம்மா பண்டிகைக்கு அந்தப் பூவைத் தாம்பாளத்தில் கோபுரமாக அடுக்குவதும், அந்த நாட்களில் சந்தையில் கட்டுக்கட்டாக விற்பதும் உண்டு. அங்கே விலை கொடுத்து வாங்குகிறார்கள். இங்கே நான் அதை எண்ணுவதைப் பார்த்து, வண்டி பழுதா என்று நின்று விசாரிக்கிறார்கள்.

28 ஜூலை 2024

நான்கு நாட்களாக இரண்டு முன்கைகளிலும் அரிப்பு, சிவந்த தடிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரத்தில் இறங்கி நடந்ததன் பரிசு. நாய்வேளையின் பிசுபிசுப்பா, எருக்கம்பாலா என்று யோசித்தேன். மருத்துவர் கையைப் பார்த்ததும், 'பார்த்தீனியத்துக்குள் போனீர்களா?' என்று கேட்டார். பதின்மூன்றாவதாகச் சேர்க்காமல் விட்டதற்கு அது தன் இருப்பைப் பதிவு செய்துகொண்டது. இனி முழுக்கைச் சட்டை.

3 ஆகஸ்ட் 2024, ஆடிப் பதினெட்டு

இன்று எருக்கின் அருகில் வெகுநேரம் நின்றேன். பிள்ளைகளாக இருந்தபோது அதன் மொட்டைப் பட்டென்று வெடிக்க வைத்ததோடு எங்கள் உறவு முடிந்தது. பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று பாட்டி மிரட்டியிருந்தார். இன்று ஓர் இலையின் அடியில் ஒரு கம்பளிப்புழு, கம்பளி இல்லாமல். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையங்கள். முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எருக்கின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. வளர்ந்து வண்ணத்துப்பூச்சியான பிறகும் அந்த நஞ்சு கூடவே இருக்கிறது. அதனால்தான் வெந்தய வரியன் யாருக்கும் அஞ்சாமல் மெதுவாகப் பறக்கிறது போலும்.

காதல் கைகூடாமல் பனைமடல் குதிரையில் ஏறித் தெருவுக்கு வர, அதாவது மடலேறத் துணிந்தவன் எருக்கும் ஆவிரையும் பூளையும் சூடி வருவதாகச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. மூன்றும் நான் போகும் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குள் கிடைக்கும். ஊரார் சூடாத பூவைச் சூடித் தெருவுக்கு வருவதே நாணத்தைக் கைவிட்டதற்கு அடையாளம். மல்லிகை சூடி வந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

10 ஆகஸ்ட் 2024

ஊதியூருக்கு முன்னால் வளைவில் இருந்த ஆவாரைக் கூட்டம் இல்லை.

நேற்று மாலை இருந்தது. இன்று காலை மண் புரட்டப்பட்டு, அடிக்கட்டைகள் வெளுத்த நார்களோடு கிழிந்து நிற்கின்றன. ஓர் எந்திரம் இரவிலோ விடியற்காலையிலோ வந்திருக்கிறது. யார் அனுப்பியது என்று நிழற்குடையில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. காது மடலைக் காட்ட மகளுக்குப் படம் எடுத்தது இந்தச் செடியில்தான். எருக்கும் போயிற்று. பார்த்தீனியம் மட்டும் இரண்டடி தள்ளிப் பள்ளத்தில் இருந்ததால் அப்படியே நிற்கிறது. கோபத்தில் நீளமாக ஒன்று எழுதி அழித்துவிட்டேன்.

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அழித்தது நல்லது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே சாலையில் வேறொரு வளைவில், சீமைக்கருவேலம் மறைத்ததால் எதிரே வந்த பால் வண்டியைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். வண்டியைப் பள்ளத்தில் இறக்கித் தப்பித்தேன். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று, ஓரத்தை ஒழுங்காக வெட்டுவதற்கு ஆளில்லையா என்று கத்தியவன் நான்தான். வளைவில் பார்வையை மறைக்கும் புதரை அகற்றத்தான் வேண்டும். ஆனால் இடுப்பளவு ஆவாரை யாருடைய பார்வையையும் மறைக்காது. நேர்ச்சாலையில் அதை மண்ணோடு புரட்டுவதில் ஒரு பயனும் இல்லை. அரிவாளோடு ஓர் ஆள் நடந்தால் எது வளைவு, எது நேர்சாலை, எது கருவேலம் என்று பார்த்து வெட்டுவார். எந்திரத்தின் கைக்கு எல்லாம் ஒரே உயரம். ஆவணி, புரட்டாசி கழித்து, விதை விழுந்த பிறகு வெட்டினாலும் போதும் என்பது என் கருத்து, வளைவுகள் தவிர.

புரட்டிய மண்ணில் முதலில் வரப்போவது பார்த்தீனியம் என்று எழுதி வைக்கிறேன். தவறானால் மகிழ்ச்சி.

6 செப்டம்பர் 2024

நாளை பிள்ளையார் சதுர்த்தி. காங்கேயம் கடைவீதியில் எருக்கம்பூ மாலை முப்பது ரூபாய். விற்ற அம்மாவிடம் எங்கே பறித்தது என்று கேட்டேன். தாராபுரம் சாலையில் முன்பெல்லாம் எளிதாகக் கிடைக்கும் என்றும், இப்போது வளைவில் வெட்டிவிட்டதால் மூன்று கிலோமீட்டர் கூடுதலாக நடந்ததாகவும் சொன்னார். பேரம் பேசாமல் வாங்கினேன். பூ ஒவ்வொன்றும் நடுவில் சிறு கிரீடத்தோடு, மெழுகில் வார்த்தது போல இருந்தது.

வளைவில் பார்த்தீனியம் முளைத்துவிட்டது. என் கணிப்பு சரியானதில் மகிழ்ச்சி இல்லை.

15 செப்டம்பர் 2024, ஞாயிறு

முதுவேனில் முடிந்து கார்காலமும் பாதி ஆகிவிட்டது. கேள்வி ஆனி, ஆடியைப் பற்றியது என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் இன்று வளைவில் இறங்கிப் பார்த்ததில், கிழிந்த அடிக்கட்டைகளில் ஏழு கட்டைகள் துளிர்த்திருக்கின்றன. பட்டைக்காக வெட்டிய ஆவாரை மறுபடி தழைக்கும் என்று தாத்தா சொன்னதுண்டு. வெட்டுக்கு வெட்டு கூடுதலாகக் கிளைக்கும் என்பார். பெரிய கட்டை ஒன்றில் ஐந்து துளிர்கள், விரல் நீளம். இலைக்காம்பின் அடியில் காதுமடல் அதற்குள் வந்திருந்தது. குனிந்து உறுதி செய்துகொண்டேன். ஒரு துளிரின் மேல் இலையில், வெளிறிய நிறத்தில், இருபுறமும் கூர்ந்த நெல்மணியைப் போல ஒரே ஒரு முட்டை ஒட்டியிருந்தது. ஆவாரை, கொன்றை இலைகளைத் தின்னும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் முட்டை அது.

22 செப்டம்பர் 2024, ஞாயிறு

பெரிய கட்டையில் இருந்த ஐந்து துளிர்களில் நான்கு இல்லை. முட்டை இருந்ததும் போயிற்று. சீவியது போல ஒரே உயரத்தில் கடிபட்டிருக்கின்றன. புல் இடுப்பளவு நிற்கிறது, புரட்டாசி, தீவனப் பஞ்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கீழே புதிதாக ஆட்டுப் புழுக்கை கிடந்தது. காவலாளியிடம் நாளை பேச வேண்டும்.